நீறு பூத்த நெருப்புக்குக் காவல்



நம்முடைய மருத்துவ ஊழியத்தைத் தாங்கிவரும் சபைகளுக்கு நாங்கள் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வரும். "போன வருஷம் எத்தனை பேருக்குச் சுகம் கிடைத்தது?" நியாயமான கேள்விதான். கண்புரை அறுவை சிகிச்சை என்றால் கண்கட்டை அவிழ்த்த மறுநாளே பதில் தெரிந்துவிடும். பிரசவம் என்றால் குழந்தையின் அழுகையே பதில். ஆனால் இந்த இதழில் நாங்கள் எழுத எடுத்துக்கொண்ட வியாதிக்கு அப்படிப்பட்ட பதில் கிடையாது. அந்த வியாதியஸ்தர்கள் வருகிறார்கள், இரத்தம் எடுக்கிறோம், பரிசோதிக்கிறோம், "மாற்றம் ஒன்றுமில்லை, போய்வாருங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்புகிறோம். மருந்து எழுதுவதில்லை. ஆறு மாதம் கழித்து அதையே மறுபடியும் செய்கிறோம். நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு இதற்கும் போகிறது. அது ஏன் என்பதை உங்களுக்கு விளக்கிச் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

சேலம் - பெங்களூரு நெடுஞ்சாலையில், தர்மபுரிக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது அதியமான்கோட்டை. பாலக்கோடு வழியாக ஓசூருக்குப் போகும் சாலை பிரிவதும் இங்கேதான். இந்தச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களிடம் "என்ன தொந்தரவு?" என்று கேட்டால், வயது ஐம்பதைத் தாண்டியவர்களில் அநேகர் சொல்லும் முதல் வார்த்தை இடுப்புவலி. இரண்டாவது வார்த்தை முட்டிவலி. இந்த வலிக்கு இங்கே எல்லோருக்கும் தெரிந்த காரணம் ஒன்று உண்டு: தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அது பல்லில் கறையாகவும், வருஷக்கணக்கில் குடித்தவர்களுக்கு எலும்பில் விறைப்பாகவும் தங்கிவிடும். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் செயல்படத் தொடங்கி, காவேரித் தண்ணீர் கிராமங்களுக்கு வந்தது. தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனாலும் அதற்கு முன் முப்பது நாற்பது வருஷம் போர்வெல் தண்ணீரைக் குடித்தவர்களின் எலும்பு பழையபடி ஆகிவிடுவதில்லை. ஆகவே இடுப்புவலி என்றதும் "தண்ணி சரியில்லாத ஊரு" என்று சொல்லி, மருந்துக்கடையில் இரண்டு வலிமாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அநேகருக்கு அது உண்மையும்கூட.

சிலருக்கு மட்டும் அது உண்மையல்ல. அந்தச் சிலரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

பெரிய இயந்திரங்கள் இல்லாத ஆய்வுக்கூடத்திலும் சில தடயங்கள் கிடைக்கும். இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது, சிவப்பணுக்கள் தனித்தனியாக இல்லாமல் காசுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததுபோல் ஒட்டி நிற்கும். ஈ.எஸ்.ஆர். எண் காரணமில்லாமல் மிக உயர்ந்திருக்கும். இரத்தத்தின் மொத்தப் புரதம் கூடியிருக்கும், ஆனால் அதில் ஆல்புமின் கூடியிராது; மிச்சமான குளோபுலின் என்னும் பகுதியே கூடியிருக்கும். எதற்காகவோ எடுத்த பரிசோதனையில் இப்படி ஒரு தடயம் கிடைத்தால், கவனமுள்ள லேப் டெக்னீஷியன் அந்தச் சீட்டில் ஒரு வட்டம் போட்டு அனுப்புவார். எங்கள் அனுபவத்தில் இந்த வியாதியின் கதை அநேகமாக அந்த வட்டத்தில்தான் தொடங்குகிறது.

அந்தப் புரதம் என்ன? நம் எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் என்று ஒருவகை செல்கள் உண்டு. கிருமிகளை எதிர்க்கும் புரதங்களைச் செய்வது அவற்றின் வேலை. ஒவ்வொரு பிளாஸ்மா செல்லும் ஒரே ஒரு மாதிரிப் புரதத்தை மட்டும் செய்யும். கோடிக்கணக்கான செல்கள் கோடிக்கணக்கான மாதிரிகளைச் செய்வதால்தான் எந்தக் கிருமி வந்தாலும் எதிர்க்க ஏதோ ஒன்று தயாராக இருக்கிறது. ஒரு நல்ல பாடகர் குழுவில் நான்கு குரல்களும் சேர்ந்து ஒலிப்பதுபோல் இதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோளாறில், அந்தச் செல்களில் ஒன்று தன்னைப்போலவே பல செல்களைப் பெருக்கிவிடுகிறது. அவை எல்லாம் ஒரே புரதத்தைத்தான் செய்கின்றன. அந்தப் புரதத்தால் எந்தக் கிருமியையும் எதிர்க்க முடியாது. ஒரே குரல் மற்ற குரல்களை மெதுவாக அமுக்கத் தொடங்குகிறது.

இதை உறுதி செய்யும் பரிசோதனைக்கு எலக்ட்ரோபோரிஸிஸ் என்று பெயர். ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்னே டிசேலியஸ் 1930-களில் இதை வளர்த்தெடுத்து, 1948-ல் நோபல் பரிசு பெற்றார். இரத்தத்தின் தெளிந்த நீரை ஒரு ஜெல் தகட்டின் ஓரத்தில் வைத்து மின்சாரம் செலுத்தினால், புரதங்கள் ஒவ்வொன்றும் அதனதன் வேகத்தில் நகரும். கன்வென்ஷன் கூட்டம் முடிந்து ஜனங்கள் வீடு திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். வாலிபர் முன்னே போவார்கள். கைக்குழந்தைக்காரர் நடுவிலும், பெரியவர்கள் பின்னாலும் வருவார்கள். கூட்டம் சாலை நெடுகப் பரவிவிடும். சாதாரண இரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள் அப்படித்தான் பரவி, படத்தில் ஒரு தாழ்ந்த மேடாகத் தெரியும். காசநோய் போன்ற நாள்பட்ட தொற்று இருந்தால் அந்த மேடு உயரும், ஆனால் அகலமாகவே இருக்கும். ஒரே மாதிரிப் புரதம் மட்டும் பெருகியிருந்தால் அவை எல்லாம் ஒரே வேகத்தில் நடந்து ஒரே இடத்தில் குவியும். கோபுர ஊசிபோல் ஒரு கூர்முனை எழும்பும். அதைத்தான் எம் புரதம் என்கிறோம்.

வைத்திய உலகம் இதைக் கற்றுக்கொண்ட வரலாறு பழையது. 1845-ல் லண்டனில் ஒரு மளிகைக் கடைக்காரருக்குத் தாங்கமுடியாத எலும்புவலி. அவருடைய சிறுநீரில் ஏதோ வினோதம் இருப்பதைக் கண்ட மருத்துவர்கள் அதை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவ வேதியியலாளருக்கு அனுப்பினார்கள். மிதமாகச் சூடாக்கினால் அந்தச் சிறுநீர் கலங்கும். கொதிக்க வைத்தால் தெளியும். ஆற வைத்தால் மறுபடி கலங்கும். அந்த மனிதர் 1846-ன் தொடக்கத்திலேயே இறந்துபோனார். ஆனால் அந்தப் புரதத்துக்கு இன்றும் பென்ஸ் ஜோன்ஸ் புரதம் என்றே பெயர். இயந்திரங்கள் வருமுன் பல மருத்துவமனைகளில் ஒரு டெஸ்ட் டியூபும் ஸ்பிரிட் விளக்கும் கொண்டு இந்தச் சோதனையைத்தான் செய்தார்கள். இன்று சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் வண்ணப் பட்டை அநேகமாக ஆல்புமினை மட்டுமே காட்டும், இந்தப் புரதத்தைக் காட்டாது. "யூரின் டெஸ்ட்ல ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்களே" என்பவர்களுக்கு இதை நாங்கள் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கடைக்காரருக்கு இருந்தது மைலோமா என்னும் மஜ்ஜைப் புற்றுநோய். ஆனால் எம் புரதம் உள்ளவர்கள் எல்லோருக்கும் மைலோமா இல்லை. இதுதான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. புரதம் இருக்கும், ஆனால் எலும்பு, சிறுநீரகம், இரத்த அளவு, இரத்தத்தின் கால்சியம் எல்லாம் சரியாக இருக்கும். ஆள் நன்றாக நடமாடுவார். முன்பு இதைத் தீங்கற்றது என்றே சொல்லி வந்தார்கள். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் டாக்டர் ராபர்ட் கைல், இப்படிப்பட்ட 241 பேரைப் பல வருஷம் விடாமல் பின்தொடர்ந்து பார்த்து, 1978-ல் வேறொரு பெயரை முன்வைத்தார். சிலருக்கு அது தீங்காக மாறுகிறது, யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை, ஆகவே "இன்னதென்று தீர்மானிக்கப்படாத முக்கியத்துவமுள்ள" கோளாறு என்று அவர் பெயரிட்டார். ஆங்கில முதலெழுத்துக்களால் அது எம்.ஜி.யு.எஸ். எனப்படுகிறது. தெரியாததைத் தெரியாதது என்று பெயரிலேயே ஒப்புக்கொண்ட வியாதி வைத்தியத்தில் அதிகம் இல்லை. அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

பின்னர் நடந்த நீண்ட ஆய்வுகள் ஒரு கணக்கைத் தந்தன. எம்.ஜி.யு.எஸ். உள்ள 100 பேரில் வருஷத்துக்கு ஏறத்தாழ ஒருவருக்கு அது மைலோமாவாகவோ அதைச் சேர்ந்த வேறொரு நோயாகவோ மாறுகிறது. 99 பேருக்கு அந்த வருஷம் ஒன்றும் ஆவதில்லை. பெரும்பாலானோர் இதனால் இறப்பதில்லை. வயதாகி வேறு காரணத்தால் கடந்துபோகிறார்கள். ஆனால் அந்த நூற்றில் ஒன்று என்பது பத்து வருஷம் போனாலும், இருபத்தைந்து வருஷம் போனாலும் தீர்ந்துவிடுவதில்லை. மின்னசோட்டா மாநிலத்தின் ஓல்ம்ஸ்டெட் வட்டாரத்தில் 21,463 பேரைப் பரிசோதித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 3 பேருக்கு இது இருந்தது. அங்கே எடுத்த எண்ணை அப்படியே நம் ஜனங்களுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் இது அபூர்வமான வியாதியல்ல என்று தெரிகிறது. அநேகர் தங்களுக்கு இருப்பது தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள்.

எம்.ஜி.யு.எஸ்.-க்கும் மைலோமாவுக்கும் நடுவே இன்னொரு படி உண்டு. புரதம் டெசிலிட்டருக்கு 3 கிராமை எட்டியிருக்கும், அல்லது மஜ்ஜையில் அந்தச் செல்கள் பத்து சதவீதத்தைத் தொட்டிருக்கும், ஆனால் சரீரத்துக்கு இன்னும் சேதம் நேர்ந்திராது. 1980-ல் டாக்டர் கைலும் அவருடைய சக மருத்துவர் கிரீப்பும் இதற்கு, புகைந்துகொண்டிருக்கும் நெருப்பு என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். நம் தமிழில் நீறு பூத்த நெருப்பு என்று சொல்வோமே, அதுவேதான். மேலே சாம்பல், உள்ளே தணல். இந்த நிலையில் ஆபத்து அதிகம். முதல் ஐந்து வருஷம் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துப் பேர் வீதம் மைலோமாவுக்குள் போகிறார்கள். அதன்பின் அந்த வேகம் குறைந்துவிடுகிறது. ஆகவே எம்.ஜி.யு.எஸ். உள்ளவரை ஆறு மாதத்தில் ஒருமுறையும், புரதம் நிலையாக இருந்தால் பிறகு வருஷத்துக்கு ஒருமுறையும் வரச் சொல்கிறோம். ஆபத்து மிகக் குறைவாக இருப்பவர் இன்னும் இடைவெளி விட்டு வரலாம். தணல் நிலையில் இருப்பவரையோ முதல் வருஷம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

இனி எங்கள் வெளிநோயாளர் அறைக்கு வாருங்கள். "உங்கள் இரத்தத்தில் ஒரு புரதம் அதிகமாக இருக்கிறது, இப்போதைக்கு மருந்து வேண்டாம்" என்று சொல்லி முடிப்பதற்குள், "வியாதி இருக்குன்னு சொல்றீங்க, மருந்து மட்டும் எழுத மாட்டேங்கறீங்களே, டாக்டரம்மா?" என்ற கேள்வி வரும். பணம் இல்லாததால் மருந்து எழுதவில்லை என்று நினைக்கிறவர்களும் உண்டு. ஒரு மகன் தனியாக வந்து, "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லைங்க, ஆட்டை வித்துடறேன்" என்றார். ஆட்டை விற்க வேண்டாம் என்று அவருக்குப் புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்று. இந்த நிலையில் கொடுக்கும் மருந்தால் பெரும்பாலானோருக்கு நன்மை இல்லை, பக்கவிளைவு மட்டுமே உண்டு. மருந்து கொடுக்காதிருப்பதும் யோசித்து எடுக்கும் வைத்திய முடிவுதான். ஆனால் ஊசி போடாத டாக்டரை டாக்டராகவே எண்ணாத ஊரில் இதைச் சொல்வது எளிதல்ல.

சத்துணவுக் கூடத்தில் வேலைசெய்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா ஒழுங்காக வருகிறவர். இரண்டாவது முறை அவர் வந்தபோது ஐந்து கிலோ எடை குறைந்திருந்தது. எடை குறைவது இந்த வியாதியில் ஓர் அபாய அடையாளம். நாங்கள் பதறிப்போய் எல்லாப் பரிசோதனையும் செய்தோம். புரதம் இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசியில் எங்கள் சிஸ்டர் ஒருவர், "என்னம்மா சாப்பிடறீங்க?" என்று கேட்டார். "புரோட்டீன் அதிகமாயிருக்குன்னு சொன்னாங்க இல்லையா சிஸ்டர், அதான் பருப்பு, முட்டை, பயறு எல்லாத்தையும் நிறுத்திட்டேன். வெறும் களியும் ரசமும்தான்." அன்றுமுதல் நாங்கள் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லும் முதல் செய்தி இது: இந்தப் புரதம் சாப்பாட்டிலிருந்து வருவதல்ல. பருப்பையும் முட்டையையும் நிறுத்த வேண்டாம். நெல்லிக்காய் சாப்பிட்டால் குணமாகுமா என்றும் கேட்பார்கள். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் பெயர் தாங்கிய ஊரில் அதைக் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்லது, ஆனால் அந்தக் கூர்முனை அதனால் தாழாது என்று சொல்கிறோம்.

உணவைவிட முக்கியமான எச்சரிக்கை வலிமாத்திரையைப் பற்றியது. எம் புரதத்தின் துண்டுகள் சிறுநீரக வடிகுழல்களை அடைக்கக்கூடியவை. அதன்மேல் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளைத் தினமும் விழுங்கினால் சிறுநீரகம் இரண்டு பக்கமும் அடிவாங்கும். இடுப்புவலிக்கு மாத்திரை வாங்குவது பழக்கமாகிவிட்ட இந்தப் பகுதியில் இது பெரிய ஆபத்து. ஆகவே ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை கொடுத்திருக்கிறோம்; மருந்துக்கடையில் அதைக் காட்டச் சொல்லியிருக்கிறோம். தண்ணீர் நிறையக் குடிக்கவும் சொல்கிறோம். கூடவே சில அடையாளங்களைப் படித்துக் காட்டுகிறோம்: ராத்திரியும் விடாத புதிய எலும்புவலி, காரணமில்லாத களைப்பு, திரும்பத் திரும்ப வரும் சளிக்காய்ச்சல், நுரைத்த சிறுநீர், கால்வீக்கம், பாதத்தில் மரத்துப்போதல், அடங்காத தாகமும் மலச்சிக்கலும். இவற்றில் எது வந்தாலும் குறித்த தேதிக்குக் காத்திராமல் வரவேண்டும். மற்ற எதிர்ப்புப் புரதங்கள் குறைந்துபோகக்கூடும் என்பதால் நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளையும் போட்டுக்கொள்ளச் சொல்கிறோம். இது தொற்றுநோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பரவாது. இதையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தயங்கிய ஒரு தாத்தாவைப் பார்த்தபின் கற்றுக்கொண்டது அது.

தக்காளித் தோட்டத்துக்கு மருந்து அடிக்கிறவர்கள் இந்த வட்டாரத்தில் அதிகம். ஐயோவா, வட கரோலினா மாநிலங்களில் பூச்சிமருந்து தெளிக்கும் ஆண்களைப் பரிசோதித்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், அவர்களுக்கு எம்.ஜி.யு.எஸ். மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு காணப்பட்டது. அதுதான் காரணம் என்று இதைக் கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் முகத்தில் துணி கட்டாமல், வெறுங்கையோடு மருந்து கலக்குகிறவர்களைக் கண்டிக்க எங்களுக்கு இன்னொரு காரணம் கிடைத்திருக்கிறது.

இப்போது வருத்தமான ஒரு காரியத்தையும் எழுதுகிறோம். சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரியவர் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் மாற்றமில்லை என்று சொல்லி அனுப்பினோம். மூன்றாம் முறை வரவில்லை. அவர் சொன்ன காரணத்தை மகள் பின்பு எங்களிடம் சொன்னார்: "ஒண்ணுமில்லைன்னுதானே சொல்றாங்க. அதுக்கு ஒருநாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து எதுக்குப் போகணும்?" கடிதம் எழுதினோம். வேலைக்காக வேறு ஊருக்குப் போயிருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கும் மேலான பிறகு, மகன்கள் இருவர் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதுகெலும்பின் ஒரு கட்டை நசுங்கியிருந்தது. உடல் வெளுத்துப் போயிருந்தது. நடுவில் மாதக்கணக்காய் வலிமாத்திரை. சிறுநீரகம் பாதிக்குமேல் செயலிழந்திருந்தது. வேலூருக்கு அனுப்பி, சிகிச்சையால் நோய் அடங்கியது. அவர் உயிரோடிருக்கிறார், கோல் ஊன்றி நடக்கிறார். ஆனால் போன சிறுநீரகம் முழுவதும் திரும்பவில்லை. ஒழுங்காக வந்திருந்தால் இரத்தத்தில் புரதம் ஏறும்போதே, எலும்பு உடையுமுன்னே, தெரிந்திருக்கும்.

"மாற்றமில்லை" என்று அச்சிட்ட ஒரு காகிதத்தின் விலை என்ன என்று எங்களைக் கேட்டால், அந்தப் பெரியவரின் முதுகெலும்பைத்தான் காட்டுவோம். ஸ்கேன் இயந்திரம் வாங்கிக் கொடுத்தால் அதில் கொடுத்தவர் பெயரைப் பளிங்குக் கல்லில் பதிக்கலாம். அந்தக் காகிதத்தில் யார் பெயரைப் பதிப்பது? ஆகவே இதற்குக் காணிக்கை கேட்பது எங்களுக்கே சற்றுக் கூச்சமான வேலைதான்.

பணம் எங்கே போகிறது என்று சொல்லிவிடுகிறோம். இரத்த அணுக்கள், கிரியேட்டினின், கால்சியம் ஆகியவற்றை அளப்பது செலவு குறைந்தது. எலக்ட்ரோபோரிஸிஸ் அதைவிடக் கூடுதல். புரதத்தின் துண்டுகளைத் தனியாக அளக்கும் லைட் செயின் பரிசோதனையோ ஆயிரக்கணக்கான ரூபாய்; அதை எல்லோருக்கும் எல்லா முறையும் செய்வதில்லை. அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உதவுகின்றன. நடந்து வந்து இரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவருக்கு அதில் அதிக இடமில்லை. பரிசோதனையைவிடப் பெரிய செலவு, வருகிறவரின் ஒருநாள் கூலியும் பஸ் கட்டணமும்தான். இதை ஆரம்பத்தில் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. இப்போது நாங்கள் எழுதுகிறோம். தேதி தப்பியவர்களை அழைக்க ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். சிஸ்டர் போன் செய்வார். எடுக்காவிட்டால் கிராமப் பணியாளர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீட்டுவாசலிலேயே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறது. நீடித்த வியாதிக்கு மருத்துவமனைதான் வியாதியஸ்தரைத் தேடிப்போக வேண்டும் என்ற அந்த எண்ணம் மிகச் சரியானது.

அப்படியானால் ஐம்பது வயதைக் கடந்த எல்லோருக்கும் ஊர் ஊராகப் போய் இந்தப் பரிசோதனையைச் செய்யலாமே என்று ஒரு வாலிபர் சங்கத்தில் கேட்டார்கள். ஐஸ்லாந்து நாட்டில் 2016 முதல் 80,000-க்கும் அதிகமானவர்களைச் சேர்த்து இதையே ஆராய்ந்து வருகிறார்கள். இப்படித் தேடிக் கண்டுபிடிப்பதால் ஜனங்களின் ஆயுள் கூடுகிறது என்று நிரூபணமாகும்வரை நாங்கள் அதைச் செய்யப்போவதில்லை. ஒரு கிராமத்தில் நூறு பேரைச் சோதித்து மூன்று பேருக்குப் பயத்தை மட்டும் கொடுத்துவிட்டு வருவது ஊழியமாகாது என்பது எங்கள் எண்ணம். தடயம் உள்ளவரைக் கண்டுபிடிப்போம். கண்டுபிடித்தவரைக் கைவிட மாட்டோம்.

தணல் எரியத் தொடங்கினால் என்ன? இங்கேதான் காலம் மாறியிருக்கிறது. மருந்துகளும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் மைலோமாவைப் பல வருஷம் அடக்கி வைக்கின்றன. முற்றிலும் குணமாக்குகின்றன என்று சொல்லமாட்டோம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986-லேயே மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிவிட்டது. 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த இடம் அது. லெனலிடோமைட், போர்ட்டெசோமிப் போன்ற மருந்துகளை இப்போது இந்தியக் கம்பெனிகளே தயாரிப்பதால் விலையும் இறங்கியிருக்கிறது. ஆபத்து மிகுந்த தணல் நிலையில் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே டாராடுமுமாப் ஊசி கொடுத்தால் நோய் முற்றுவது தள்ளிப்போகிறது என்று 2024 டிசம்பரில் ஒரு பெரிய ஆய்வு வெளியாயிற்று. அந்த ஊசியின் விலை நம் ஜனங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. யாருக்கு அது உண்மையிலேயே தேவை என்று பிரித்தறியவும் அந்தச் சின்னப் பரிசோதனைகளே வழிகாட்டுகின்றன. ஆகவே தர்மபுரியில் ஏறி, கிருஷ்ணகிரி வழியாக வேலூருக்குப் போகும் பஸ்ஸில் ஒருவரை எந்த வாரத்தில் ஏற்ற வேண்டும் என்று அறிவதுதான் எங்கள் வேலையின் சாராம்சம். சீக்கிரம் அனுப்பினால் வீண் செலவு. தாமதித்தால் எலும்பு போய்விடும்.

கனி கொடாத அத்திமரத்தை வெட்டிப்போடச் சொன்ன எஜமானிடம் தோட்டக்காரன் இன்னும் ஒரு வருஷம் கேட்ட உவமையை நீங்கள் அறிவீர்கள். அவன் அந்த வருஷம் சும்மா இருக்கப்போவதாகச் சொல்லவில்லை. சுற்றிலும் கொத்தி எருப்போடுவதாகச் சொன்னான். காலை ஆராதனையில் ஒருநாள் இந்தப் பகுதி வாசிக்கப்பட்டபோது, லேப்பில் வேலைசெய்யும் தம்பி ஒருவர் எங்கள் பதிவேட்டை நினைத்துக்கொண்டதாகச் சொன்னார்.

இந்த ஊழியத்துக்காகக் காணிக்கை அனுப்ப விரும்புகிறவர்கள் உறையின் மேலோ மணியார்டர் சீட்டிலோ "இரத்தப் பரிசோதனை" என்று குறிப்பிட்டால், அதைப் பரிசோதனைக்கும் வியாதியஸ்தரின் பஸ் கட்டணத்துக்கும் மட்டுமே செலவிடுவோம். ஜெபத்தில் எங்களை நினைக்கும்போது, இந்த மாதம் தேதி தப்பி, போனும் எடுக்காமல் இருக்கும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போயிருப்பதாகக் கேள்வி. மற்றவரின் வீட்டுக்கு வருகிற செவ்வாய்க்கிழமை எங்கள் பணியாளர் போகிறார்.